பரண்மேல் வைத்த துணி

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் உட்காரத் தெரியவில்லை. காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே போய் ஜன்னல் கம்பியைத் துடைக்கிறேன். அடுக்கிய அலமாரியைக் கலைத்து மறுபடி அடுக்குகிறேன். "ஒரு இடத்துல இரும்மா, பார்க்கிற எனக்கே தலை சுத்துது" என்கிறாள் மகள். போன மாதத்திலிருந்து இது இன்னும் முற்றிவிட்டது. அதற்குக் காரணம் நித்யா.

நான் பார்த்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் பெண் நித்யா. பேச்சு வராத, பேச்சு திக்குகிற, நம்மைப்போல் பேசாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வேலை. கெட்டிக்காரிதான். ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

"மேடம், புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறோம். நீங்க வந்து உங்க அனுபவத்தைச் சொல்லணும். முடியலைன்னா எழுதியாவது கொடுங்க."

"எதைப் பத்தி?"

"இப்ப நியூரோ டைவர்சிட்டின்னு சொல்றாங்கல்ல மேடம். ஒவ்வொரு மூளையும் ஒவ்வொரு விதம், பிள்ளையை நம்ம மாதிரி ஆக்கறது நம்ம வேலையில்ல, அதுக்கு என்ன வேணும்னு அதுகிட்டயே கேட்டுத் தொடங்கணும்னு. நீங்க கொல்லிமலையில அப்பவே அப்படித்தான் செஞ்சீங்களாம். நீங்க செஞ்ச பட அட்டையெல்லாம் இங்க இன்னும் இருக்கு மேடம். எல்லாருக்கும் காட்டறோம்."

சரி என்று போனை வைத்தேன். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. நான் அப்படித்தான் செய்தேன், பொய்யில்லை. ஆனால் எப்போது தொடங்கினேன், எதற்குப் பிறகு தொடங்கினேன் என்று அந்த அட்டைகளில் எழுதியிருக்காது. எஸ்தர் டீச்சருக்கு, அதாவது எனக்கு, ஏதோ முன்கூட்டியே ஞானம் வந்துவிட்டதுபோல அங்கே ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. பதினோரு வருடமாக நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் ஓடுகிற கதை அது.

உண்மையை எழுதலாம் என்று உட்கார்ந்தால், முதலில் ஒருத்தியைக் கேட்க வேண்டியிருந்தது. அவளை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. போய்க் கேட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் அவள் பெயர் தேனு. உண்மைப் பெயர் வேறு. இந்தப் பெயரை வைத்துக்கொண்டவள் அவளே. அவள் அம்மாவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நாக்கு, தொண்டை, காது என்று படம் வரைந்தோம், பாகம் குறித்தோம், பாஸ் செய்தோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது பத்மாவதி மேடம். கீழே ஊரில் எங்கள் மையத்துக்கு அவர்தான் பொறுப்பு. என்னைவிட ஆறு வயது மூத்தவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் எப்போதும் சீவின பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிள்ளை உடையிலேயே வெளிக்குப் போய்விட்டால் ஆயாவைக் கூப்பிடாமல் தானே தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிடுவார். மழையில் நின்ற ஒரு தாய்க்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனவர். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைக் கெட்டவராகக் காட்டி நான் தப்பித்துக்கொண்டதாக யாரும் நினைக்கக் கூடாது.

அவருடைய முறை இது. இரண்டு நாற்காலி. பிள்ளையின் நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். நம் நாற்காலி எதிரில். பிள்ளையின் முழங்கால்கள் நம் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில், எழுந்து ஓட முடியாதபடி. பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதை, பெப்பர்மின்டோ பந்தோ தண்ணீரோ, நம் உதட்டுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். "என்னைப் பார்." பார்க்காவிட்டால் மோவாயைத் தொட்டு நிமிர்த்த வேண்டும். பார்த்ததும், "சொல்லு." மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். கையை நீட்டினால் கொடுக்கக் கூடாது. நம் கையைப் பிடித்து இழுத்தால் கொடுக்கக் கூடாது. அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வார்த்தை, இல்லை வார்த்தை மாதிரி ஒரு சத்தம் வந்தால் அந்த நொடியே கொடுத்துவிட்டுக் கை தட்ட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் தாளில் ஒரு கட்டம். வந்தால் சரி என்ற குறி, வராவிட்டால் பெருக்கல் குறி.

சாயங்காலம் தாள்கள் மேடத்திடம் போகும். பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க இரக்கப்பட்டுட்டீங்க போலிருக்கே, எஸ்தர்" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டமாட்டார். எனக்கு அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்படி ஒரு பயம். எந்தக் கட்டத்தில் என் மனசு இளகியது என்று அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் தூங்காமல் போவேன்.

சில பிள்ளைகளுக்கு இதில் வார்த்தை வந்தது என்பதுதான் வம்பு. நாற்காலியில் "பந்து" என்று சொன்ன பிள்ளை வீட்டில் பந்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று தாய்மார்கள் சொல்வார்கள். நீங்கள் வீட்டில் கண்டிப்பாக இல்லை, அதனால்தான் என்போம். நானே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன்.

இருபது வருடம் இப்படி ஓடியது. அப்புறம் மலைக்கு வாரத்தில் இரண்டு நாள் போகச் சொல்லி உத்தரவு வந்தது. முதல் நாள் எழுபது கொண்டை ஊசி வளைவில் முப்பதைத் தாண்டுமுன் என் காலைச் சாப்பாடு வெளியே வந்துவிட்டது. கண்டக்டர் கேட்காமலேயே ஒரு பாலிதீன் பையை நீட்டினார். "கீழ் ஊர்க்காரங்க எல்லாரும் மொத நாள் இப்படித்தானுங்க. எலுமிச்சம்பழம் மோந்துக்கிட்டே வாங்க" என்றார். செம்மேட்டில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எடப்புளி நாடு என்கிற ஊர்ப்பகுதிக்குப் போய், கடைசி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றிவிட்ட தோட்டத்துக்குள் தேனுவின் வீடு. வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

தேனுவுக்கு அப்போது எட்டு வயது. ஒரு வார்த்தை கிடையாது. குதிகால் தரையில் படாமல் நடப்பாள். எந்நேரமும் தொண்டைக்குள் ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருப்பாள். காய்கிற மிளகில் பெரியது, சிறியது, சிவந்தது என்று தனித்தனியாகப் பிரித்துவைப்பாள், யாரும் சொல்லாமல். கூட்டம், மிக்ஸி சத்தம் ஆகாது. அவளுக்கு ஒரு பழக்கம், எது வேண்டுமோ அதற்கான பொருளைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைப்பாள். தண்ணீருக்குச் சொம்பு. தோட்டத்துக்குப் போக அப்பாவின் செருப்பு. தலை வாரச் சீப்பு.

அம்மா மல்லிகா இதை எனக்குப் பெருமையாகச் சொன்னாள். "என்ன வேணுமின்னாலும் கரெக்டா எடுத்தாந்து வெச்சுரும்ங்க டீச்சர். எங்க ஊட்டுல எல்லாத்துக்கும் புரியும்ங்க."

"அதனாலதான் பேசல. நீங்க புரிஞ்சிக்கிட்டா அவ எதுக்குப் பேசப்போறா?" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. நான் கவனித்தேன். கவனித்தும், வேலையை நன்றாகத் தொடங்கியிருக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டிலேயே ஒரு நாற்காலியைச் சுவரோடு போடச் செய்தேன். ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பொருளின் பெயர் எழுதி, கட்டம் கிழித்துக் கொடுத்தேன். சொம்பு ஒரு பக்கம், சீப்பு ஒரு பக்கம். பொருளைக் கொண்டுவந்தால் வாங்கி மேலே வை. "சொல்லு" என்று கேள். வாயில் வந்தால் கொடு. வராவிட்டால் ஒரு பெருக்கல் குறி. மல்லிகா ஐந்தாவதுவரை படித்தவள், கட்டத்துக்குள் அழகாகக் குறி போடுவாள்.

ஒரு பழைய துணியும் இருந்தது. வேட்டியில் கிழித்த துண்டு, ஓரத்தில் பச்சைக் கரை. அதைச் சிலநேரம் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டு அப்படியே நிற்பாள். நான் அதற்கும் ஒரு பக்கம் எழுதினேன்.

மல்லிகா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஏனுங்க டீச்சர், அதை மட்டும் உட்டுரலாமுங்களா? அது அவளுக்கு வலிச்சா கொண்டாரதுங்க. அந்தத் துணியிலதான் உப்பு வறுத்துக் கட்டி ஒத்தடம் குடுப்பேன். இவ வலிச்சா அழ மாட்டாளுங்க. சத்தமே இல்லாம ஆயிருவா. துணியைக் கொண்டாந்தாத்தான் நமக்குத் தெரியும்."

"எல்லா அம்மாவும் ஒரு பொருளுக்கு மட்டும் விலக்கு கேப்பாங்க மல்லிகா. அது ஒட்டிக்கிட்ட பழக்கம். அங்கதான் நாம இரக்கப்படவே கூடாது" என்றேன். சொன்னது என் வாய், வார்த்தை மேடத்துடையது. துணியை நானே வாங்கிப் பரண்மேல் போட்டேன்.

மறு வாரம் மழை பிடித்துக்கொண்டது. மலைப் பாதையில் மண் சரிந்து பதின்மூன்று நாள் பஸ் இல்லை. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. வளைவு இல்லை, வாந்தி இல்லை என்று வீட்டில் கிடந்தேன். எட்டாம் நாள் மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. அவள் வீட்டில் சிக்னல் கிடையாது. மழையில் மேட்டுக்கு ஏறிவந்து பேசியிருக்கிறாள்.

"டீச்சர், அந்தத் துணியை ரொம்பக் கேக்குதுங்க. குடுத்துரட்டுங்களா?"

"ரொம்பக் கேக்கறாளா? அப்ப நாம சரியாத்தான் போய்க்கிட்டிருக்கோம். இன்னும் ரெண்டு நாள் பொறுங்க, வார்த்தை வந்துரும். இப்ப விட்டுக்கொடுத்தா எல்லாம் வீணாப் போயிரும்."

"சரிங்க டீச்சர்" என்றாள். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. நான் போனை வைத்துவிட்டுச் சீரியல் பார்க்கப் போனேன்.

பாதை திறந்த அன்று முதல் பஸ்ஸில் போனேன். வாசலிலேயே மல்லிகா நோட்டோடு வந்தாள். "நீங்க சொன்னாப்பலயே செஞ்சனுங்க டீச்சர். ஒருக்காகூட இரக்கப்படலீங்க" என்றாள். கண் குழி விழுந்திருந்தது. நோட்டைப் பிரித்தேன். சொம்புப் பக்கத்தில் ஐந்தாம் நாளோடு குறி நின்றுவிட்டது. தேனு சொம்பை விட்டுவிட்டு, வெளித்தொட்டிக் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டாளாம். எங்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். துணிப் பக்கம் நிரம்பி, அடுத்த பக்கத்துக்கு ஓடியிருந்தது. எண்ணினேன். ஐம்பத்தெட்டுப் பெருக்கல் குறி.

உள்ளே தேனு சாக்கின்மேல் இடது காதை அழுத்திப் படுத்திருந்தாள். முனகல் இல்லை. அந்த முனகல் இல்லாத வீட்டை அன்றுதான் கேட்டேன். அவளைச் சுற்றித் துண்டு, தலையணை உறை, அப்பாவின் வேட்டி, கிழிந்த குடைத்துணி, ஓர் உரச்சாக்கு. பச்சைக் கரைத் துணி கிடைக்காததால் வீட்டிலிருந்த ஒவ்வொரு துணியாகக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் மெல்ல எழுந்தாள். என் புடவை முந்தானையைப் பிடித்து, நுனியை என் மடியில் வைத்துவிட்டு நின்றாள்.

அப்போதுகூட என் வலக்கை பழக்கத்தில் பேனாவைத் தேடியது. அதை நான் மறைக்க முடியாது.

அவள் பக்கம் சாய்ந்தபோது நாற்றம் அடித்தது. காதிலிருந்து சீழ் வடிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. உடம்பு கொதித்தது. வழியில் வந்த காய்கறி ஜீப்பை மறித்து ஏறினோம். எழுபது வளைவும் இறங்கும்வரை நான் வாந்தி எடுக்கவில்லை. தேனுவின் தலை மல்லிகாவின் மடியில் இருந்தது. மல்லிகா பரணிலிருந்து அந்தத் துணியை எடுத்து வந்திருந்தாள். அதைத் தேனுவின் கையில் கொடுத்தாள். தேனு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி அம்மாவின் மடியில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை வைத்துக் காதைப் பார்த்தார். செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார். "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

"ரெண்டு வாரம் இருக்கும்ங்க" என்றாள் மல்லிகா.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு வாரமா பிள்ளை வலியில கிடந்திருக்கு. பெத்தவளுக்குத் தெரியலையா? பேச வராத பிள்ளைன்னா கண்ணுமா தெரியாது உனக்கு? கொஞ்சம் அக்கறை இருந்தா இந்தக் காது போயிருக்காது." வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் கைகாட்டவில்லை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஓரடி தூரம்கூட இல்லை. கைப்பைக்குள் அந்த நோட்டு இருந்தது. "டாக்டர், அவங்களுக்குத் தெரியும், நான்தான் கொடுக்காதேன்னு சொன்னேன்" என்று ஒரு வரி போதும். பிள்ளைகளைப் பேசவைப்பதுதான் என் பிழைப்பு. என் வாய் திறக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். "கூட வந்தேன்" என்றேன்.

பிறகு வராந்தாவில் மல்லிகாவிடம் தனியாக, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதற்கு மல்லிகா என்ன செய்தாள், என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதவில்லை. ஏன் என்று கடைசியில் தெரியும். அலுவலகத்துக்குக் கொடுத்த அறிக்கையில் "காதில் தொற்று, பயிற்சி தற்காலிகமாக நிறுத்தம்" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தேனுவுக்கு இடது காது பாதிக்குமேல் கேட்காது, இன்றைக்கும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். வேலையை விட்டுவிடலாமா என்று இருந்தது. விட்டிருந்தால் ஓடிவிட்டேன் என்று ஆகியிருக்கும். சுவரோரம் இருந்த நாற்காலியை எடுத்து வெளியே போட்டேன். மல்லிகாவோடு தார்ப்பாயில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டே, "தேனு எதையெல்லாம் கொண்டுவருவா, ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம், எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றேன். அவள் முதலில் நம்பவில்லை. "என்னைப் போயிக் கேக்குறீங்க" என்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. முப்பத்தைந்து வந்தது. பச்சைக் கரைத் துணியை எந்தப் பக்கம் மடித்துவைத்தால் வயிறு, எந்தப் பக்கம் மடித்தால் தலை என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. எட்டு வருடம் படித்த படிப்பு.

ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டினோம். பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் சொம்பைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாதே, அதற்காக. நித்யா காட்டுகிற அட்டைகள் அவைதான். முப்பத்தாறாவதாக ஒன்றை நான் சேர்த்தேன். கொண்டுவந்து காட்ட முடியாத ஒன்று. சிவப்புத் தாளில் நீட்டிய உள்ளங்கை. வேண்டாம்.

தேனு முதலில் எடுத்த அட்டை அதுதான். எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். நான் எழுந்து அடுத்த ஆட்டோவைப் பிடித்தேன். அடுத்த தடவையும் அதே. அதற்கடுத்த தடவையும். மூன்று வாரம் எடப்புளி நாட்டுக்குப் போய் மிளகு உதிர்த்துவிட்டுத் திரும்பினேன். நான்காவது வாரம் அந்தச் சிவப்பு அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், ஓரடி தள்ளி. அது போதும் என்று இருந்தது எனக்கு.

மூன்று மாத அறிக்கையைப் பத்மாவதி மேடத்திடம் கொண்டுபோனேன். படிவத்தில் "பேசிய சொற்கள்" என்று ஒரு கட்டம் உண்டு. பென்சில் அங்கே வந்து நின்றது.

"எத்தனை, எஸ்தர்?"

"வாயில ஒண்ணும் இல்ல மேடம். அட்டையில முப்பத்தாறு."

"முதல் சொல்லு எது?"

"வேண்டாம்."

தட்டுவது நின்றது. "வேண்டாம்னு சொல்லக் கத்துக்கொடுத்தா நாளைக்கு நம்மளையே வேண்டாம்னு சொல்லிடுமே."

"சொல்லிடுச்சு மேடம். மூணு வாரம் சொல்லிச்சு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, புரியாமல்தான் பார்த்தார். "இருபது வருஷம் ஒழுங்கா செஞ்சீங்களே. திடீர்னு என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. நான் உள்ளே போகவில்லை. "மலையில அந்த முறை ஒத்துவரல மேடம்" என்று என்னவோ உளறினேன். மறு வருடம் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தக் காது போன விஷயம் அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் மலையில் இருந்தேன். எல்லாவற்றையும் எழுதினால் நித்யா தூங்கிவிடுவாள், ஒன்று மட்டும். குண்டனி நாட்டில் ஒரு பலாப்பழ வியாபாரி, நாற்பது வயது. நல்ல திக்கு. மகளுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது என்று வந்தார். பழைய எஸ்தராக இருந்தால் மூச்சை இழு, மெதுவாக விடு என்று தொடங்கியிருப்பேன். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். அவர் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. "திக்கு இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க. சம்பந்திகிட்ட நானே பேசோணும். நான் ஆரம்பிச்சா இவ முடிச்சுப்போடுறாளுங்க." இவ என்றது பக்கத்தில் இருந்த மனைவியை. அந்த அம்மா உடனே, "அவரு என்ன சொல்ல வர்றாருன்னா" என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆறு வாரமும் பயிற்சி மனைவிக்குத்தான், வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதற்கு. நிச்சயம் முடிந்து எனக்கு ஒரு பலாப்பழம் வந்தது. பஸ்ஸில் அது என் சீட்டுக்கடியில் உருண்ட கதை வேறு.

போன வாரம் தேனுவைப் பார்க்கப் போனேன். பத்தொன்பது வயது. மலையில் மிளகு தரம் பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வியாபாரிகள் வீடு தேடி வருகிறார்கள். கையில் ஒரு போன். படத்தைத் தொட்டால் அது பேசும். முனகல் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அவளுடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்து சொன்னேன். "தேனு, உன் காதுக்கு என்ன ஆச்சுன்னு எழுதணும். நிறையப் பேரு படிப்பாங்க. உன் பேரு இருக்காது. எழுதட்டுமா?"

அவள் யோசிக்கவே இல்லை. போன் சொன்னது: "வேண்டாம்."

மல்லிகாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "ஏஞ்சாமி, டீச்சர் அத்தனை தூரத்துலிருந்து வந்துருக்காங்க. சரின்னு சொல்லு கண்ணு."

"விடுங்க மல்லிகா. அவ சொல்லிட்டா" என்றேன். இன்னொரு தடவை கேட்க என் நாக்குத் துடித்தது உண்மை. அந்தத் துடிப்பு முப்பது வருடப் பழக்கம். காபியைக் குடித்துவிட்டு, "வாரேன்" என்று சொல்லி எழுந்து நடந்தேன். வேறு எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம், நாக்கு, தொண்டை, காது என்று படம் வரைந்து.

ஆட்டோ நிற்கும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஆட்டோ வரவில்லை. முனகல் சத்தம் கேட்டது. தேனு தோட்டத்துக்குள்ளிருந்து குதிகால் படாமல் நடந்து வந்தாள். எதிரே நின்று போனைத் தொட்டாள்.

"அம்மா. ஆஸ்பத்திரி. வேண்டாம்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. எட்டு வயதில் அந்த வராந்தா பெஞ்சில் படுத்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "அம்மா அங்க வராந்தாவுல பண்ணினது, சொன்னது எதையும் எழுத மாட்டேன். அது உங்க ரெண்டு பேருது" என்றேன். அப்புறம் கேட்டுவிட்டேன். "டாக்டர் அம்மாவைத் திட்டினப்ப நான் பக்கத்துல சும்மா நின்னேனே, தேனு. அது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் யாரையும் பார்க்க வேண்டியதும் இல்லை. என் கைப்பையைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, இந்தக் கட்டுரைக்காக நான் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்த நோட்டை எடுத்தாள். அதை என் மடியில் வைத்துவிட்டு நின்றாள்.

நான் பேனாவை எடுத்ததும்தான் திரும்பிப் போனாள்.

நித்யாவுக்கு இதை அனுப்புகிறேன். பத்மாவதி மேடம் வீட்டு முகவரி கிடைத்தது, அவருக்கும் ஒரு பிரதி போகிறது. அந்த டாக்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. பழைய ஆஸ்பத்திரியில் விசாரித்தேன், மாற்றலாகிப் போய்விட்டார் என்கிறார்கள். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். டாக்டர், இது உங்கள் கண்ணில் பட்டால் இந்த ஒரு வரியை மட்டும் படியுங்கள். அந்தப் பிள்ளைக்கு வலிக்கிறது என்று அவள் அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தவள், "கூட வந்தேன்" என்று உங்களிடம் சொன்ன நான்.